ஒரு குளம், ஒரு வருடம்: குமரி மாவட்டத்தில் இயற்கைப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், சுசீந்திரம் பக்கம் சாலையோரக் குளத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஐப்பசிக்குப் பிறகு என்றால் கூழைக்கடா, சங்குவளை நாரை, நீர்க்காகம் எல்லாம் பேருந்து வேகத்திலேயே கண்ணில் படும். இந்தக் குளமும் பக்கத்துத் தேரூர்க் குளமும் அடங்கிய சுமார் 94 ஹெக்டேர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. அதற்குப் பிறகு, “நாங்களும் ஏதாவது செய்யணும், எங்கிருந்து தொடங்குறது?” என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வளைகுடா வேலையை முடித்து ஊர் திரும்பியவர்கள் எனப் பலர். அவர்களிடம் நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது மரம் நடும் நாளையும் குப்பை அள்ளும் நாளையும்தான். இரண்டுக்கும் வேளை வரும். அதற்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, அதே இடத்துக்கு ஒரு வருடம் விடாமல் போய்வாருங்கள். மாதம் இரண்டு தடவை போதும். நான் பார்த்தவரை, நாலு வருடம் கழித்தும் நடந்துகொண்டிருக்கிற வேலைகள் எல்லாம் இப்படித் தொடங்கியவைதான்.

இடம் எடுப்பது

வீட்டிலிருந்து சைக்கிளிலோ பைக்கிலோ கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடமாக இருக்கட்டும். ஞாயிறு காலை சோம்பல் வந்தாலும் போய்விட முடிகிற தூரம் அதுதான்.

நம் மாவட்டம் சின்னது. ஆனால் மலை, வயல், குளம், ஆறு, உப்பளம், கடல் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் குளத்துக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் தேரூருக்கே வர வேண்டாம். பறக்கைக் குளமும் புத்தேரிக் குளமும் உங்கள் ஊரில் உள்ள, பெயர் தெரியாத சிறு குளமும் ஆள் இல்லாமல் கிடக்கின்றன. சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்தவர்கள் உப்பளத்தை எடுக்கலாம். பூநாரை அங்கே வந்து நிற்பதுண்டு. கல்குளம், விளவங்கோட்டுக்காரர்களுக்கு ஆறும் ஓடையும் ஏலாவும் (தாழ்வான வயல்வெளி) இருக்கின்றன. தேங்காப்பட்டணத்திலும் மணக்குடியிலும் ஆறு கடலைச் சேரும் பொழிமுகம் இருக்கிறது. ஒரு வருடம் பார்த்தாலும் பார்த்துத் தீராத இடங்கள் இவை.

காட்டை மட்டும் முதல் வருடம் எடுக்காதீர்கள். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. யானை நடமாட்டம் உள்ள இடம், உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் அதற்குள் இருக்கின்றன. மரத்தடியில் நடந்து பழக வேண்டும் என்று ஆசை இருந்தால் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். வனத்துறை பராமரிக்கும் பூங்கா, குழந்தைகளையும் தைரியமாகக் கூட்டிப்போகலாம்.

முதல் மூன்று தடவை நோட்டு மட்டும்

கையுறை, சாக்கு, பேனர் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோய்க் கரையைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். குளம் என்றால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த மடை வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் மறுகால் எங்கே, அது அடுத்து எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று பாருங்கள். குப்பை யார் வீட்டிலிருந்து வருகிறது என்று பார்ப்பதை விட, எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பல குளங்களில் கரையோரக் குப்பையில் பெரும்பங்கு சானல் (பாசனக் கால்வாய்) வழியாக மேலே எங்கிருந்தோ மிதந்து வந்ததாக இருக்கும். அப்படியானால் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம் கரையே இல்லை, சானல் உள்ளே நுழையும் வாய்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் பாசனத் தண்ணீர் வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசி வரை ஓடும். இடையில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு நெல் போகம். மார்ச் முதல் மே வரை சானல் வறண்டு கிடக்கும். சானல் சுத்தம் செய்ய அந்த மூன்று மாதம்தான் சரி. இந்தக் கணக்கு தெரியாமல் ஜூலையில் ஆள் திரட்டி, இடுப்பளவு ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குழுவில் நானும் இருந்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை போகும்போது யாராவது நிச்சயம் கேட்பார்கள். என்னைக் கேட்டவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். “என்ன தம்பி, குளத்த அளக்க வந்தியளா?” நோட்டோடு ஆள் வந்தால் சர்வே, நிலம் எடுப்பு, சாலை என்றுதான் ஊர் நினைக்கும், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. “பறவை பாக்க வந்தேன் அண்ணாச்சி, இந்த ஊர்தான்” என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அரை மணி நேரம் பேசினார். முன்பு எந்த மூலையில் தாழை அடர்ந்திருந்தது, கரையை அகலப்படுத்தியபோது அது எப்படிப் போனது, அதற்குள் எந்தக் கோழி முட்டையிடும் என்று அவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்க முடியாது. அப்படிப் பேசுகிறவர்களின் பேச்சைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

யார் யாரைப் பார்க்க வேண்டும்

வேலை நிற்பதும் நடப்பதும் இந்தப் படியில்தான். அவசரப்படாதீர்கள்.

குளம் என்றால் முதலில் விவசாயிகள். பல ஊர்களில் பாசனச் சங்கம் இருக்கும். தலைவரின் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். அடுத்து மீன் குத்தகைக்காரர், தாமரை பறிப்பவர்கள், படித்துறையில் துணி துவைக்கும் அக்காமார்கள். அப்புறம் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர். குளம் பெரும்பாலும் நீர்வளத் துறைக் கணக்கில் இருக்கும், சிறியது ஊராட்சிக் கணக்கில். எதுவென்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரியும். தேரூர், சுசீந்திரம் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால், எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டே தொடங்குங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் பலமுறை உதவும்.

குத்தகைக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் கட்டிக் குளத்தை எடுத்து மீன்குஞ்சு விட்டிருப்பவர் அவர். கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூட்டமாக இறங்கினால் அவர் வயிறு எரியும். பட்டாசு வெடித்துத் துரத்துவார். முதல் வருடம் நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், “பறவைகளைத் துரத்தாதீர்கள்” என்று கரையில் ஒரு தட்டி வைத்தோம். இரண்டாம் நாள் தட்டி இல்லை. அடுத்த வருடம் தட்டி இல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசினோம். குஞ்சு விட்ட முதல் சில வாரம்தான் தனக்குப் பெரிய பயம், மீன் வளர்ந்துவிட்டால் அவ்வளவு இல்லை என்று அவரே சொன்னார். இரவு பறவைகள் அடையும் மூலையில் வெடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த முதல் வாரங்களில் நாங்களும் கரையில் கூட்டம் போட்டுப் பறவைகளைக் கலைத்துவிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டோம். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ஏதாவது வித்தியாசமாகப் பறவை வந்தால் எனக்கு முதலில் போன் செய்பவர் அவர்தான்.

கடலோர ஊர்களில் வழி வேறு. பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலயத்தில் ஒரு அறிவிப்பு சொல்லிவிட்டால், நீங்கள் நூறு நோட்டீஸ் ஒட்டியும் வராத கூட்டம் வரும். மீனவர்களோடு உட்கார்ந்து பேச மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்க, வலை சீர்செய்யும் நாட்கள் அவை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் இருப்பதை மறந்து நாள் குறித்துவிடாதீர்கள்.

பறவைக் கணக்கு

புதியவர்களை முதலில் ஈடுபடுத்த நான் எப்போதும் எடுக்கும் வேலை இதுதான். செலவு இல்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை, இரண்டே மாதத்தில் கண் பழகிவிடும்.

வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை இருக்கும். காலை ஆறரைக்குக் கரையில் இருங்கள். தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்குவதில் கை நடுக்கம் தெரியும். இல்லாதவர்கள் வெறுங்கண்ணால் தொடங்கலாம். முதல் மாதம் பத்துப் பறவை போதும்: மடையான், உண்ணிக்கொக்கு, சாம்பல் நாரை, சிறிய நீர்க்காகம், முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, தாமரை இலைக்கோழி, வெண்மார்பு மீன்கொத்தி, நெடுங்கால் உள்ளான், செம்பருந்து. இவற்றைத் தூரத்திலிருந்தே சொல்ல முடிந்த பிறகு வாத்துகளுக்கும் ஆலாக்களுக்கும் போகலாம்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முந்நூறு பறவை உட்கார்ந்திருந்தால் ஒன்று, இரண்டு என்று போகாதீர்கள். ஓரத்தில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவில் கூட்டத்தை வெட்டி வெட்டி எண்ணுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணுங்கள். தெரியாத பறவைக்குத் தெரிந்த பெயரைப் போடாதீர்கள். “தெரியவில்லை, 3” என்று எழுதுவது மரியாதையான பதிவு.

இ-பேர்ட் என்ற இலவசச் செயலியில் பட்டியலை ஏற்றிவிடுங்கள். நேரம், தூரம், எத்தனை பேர் பார்த்தீர்கள் எல்லாம் அதில் கேட்கும். குறைந்தது 15 நிமிடமாவது ஒரே மனதாகப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. புதியவர்கள் அதில் சேர்வது நல்லது. பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் கணக்கெடுப்பு ஒன்று வரும். வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். டிசம்பரிலேயே அலுவலகத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

கூடு கண்டால் அதன் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். படம் எடுக்க ஒருவர் வந்தால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள், தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும்.

கடற்கரையில் குப்பை அள்ளுவது

ஆள் சேர்ப்பது சுலபம். அள்ளிய குப்பை எங்கே போகப் போகிறது என்பதுதான் கஷ்டம். ஒரு தடவை ஐம்பது மூட்டை கட்டிக் கரையில் அடுக்கிவிட்டு, வண்டி வரும் என்று நம்பி வீட்டுக்குப் போய்விட்டோம். வண்டி வரவில்லை. நாய்கள் மூட்டையைக் கிழித்து, காற்று மீண்டும் எல்லாவற்றையும் மணலில் பரப்பியது. இப்போது வண்டிக்கு ஆளைப் பேசி நாளும் நேரமும் உறுதியான பிறகுதான் அழைப்பே அனுப்புகிறோம். எரிப்பதும் குழி தோண்டிப் புதைப்பதும் கூடவே கூடாது.

தடித்த கையுறை, காலில் செருப்புக்குப் பதில் ஷூ, தொப்பி, தண்ணீர். ஊசி, உடைந்த கண்ணாடிக்குத் தனி டப்பா. அதைப் பெரியவர்கள் மட்டும் எடுக்க வேண்டும். மணலில் புதைந்த நைலான் வலையை இழுத்துப் பிய்க்காதீர்கள், சுற்றி மணலைத் தோண்டி அறுத்து எடுங்கள். மீனவர் ஒருவர் கூட இருந்தால் எது கழித்துப்போட்ட வலை, எது காயப்போட்ட வலை என்று சொல்வார். இதில் தவறு செய்தால் ஒரு வருட நம்பிக்கை ஒரு நாளில் போய்விடும்.

சுத்தம் என்று சொல்லி அடம்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் பிடுங்கிவிடாதீர்கள். மணல்மேட்டைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்து வைத்திருப்பவை அவை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் மேற்குக் கடற்கரையில் நிகழ்ச்சி வைக்க வேண்டாம். கள்ளக்கடல் (திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கை வந்தால் எந்த மாதமாக இருந்தாலும் நாளைத் தள்ளிவையுங்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனதை நம் மாவட்டம் மறக்கவில்லை. கடல் அமைதியாகத் தெரியும் நாளிலும் கள்ளக்கடல் ஏறும். பிள்ளைகள் இருந்தால், கடலுக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்காதபடி கவனிக்க மட்டுமே இரண்டு பேரை நிறுத்துங்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடலோரத் தூய்மை நாள். முதல் நிகழ்ச்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் ஊராட்சியின் ஒத்துழைப்பும் எளிதாகக் கிடைக்கும்.

பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். பார்த்தால் விளக்கு அடிக்காமல், தொடாமல், நாய் வராமல் தூரத்தில் நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆமைகளைத் தேடி இரவில் கரையில் நடக்கும் ஆமை நடையில் சேர வேண்டுமானால் அவர்களோடு மட்டும் சேருங்கள். முட்டையை நாமே எடுத்து இடம் மாற்றுவது சட்டப்படி குற்றம், முட்டைக்கும் கேடு.

மரமும் பனையும்

நடும் நாளில் நூறு பேர் வருவார்கள், மே மாதம் தண்ணீர் ஊற்ற நாலு பேர் இருக்க மாட்டார்கள். அதனால் எத்தனை பேர் கோடையில் வாளி தூக்குவார்கள் என்று எண்ணி, ஆளுக்கு மூன்று கன்றுக்கு மேல் நடாதீர்கள். நமக்கு இரண்டு மழை. ஜூனிலோ அக்டோபரிலோ நடலாம். கடலோரத்தில் புன்னை, பூவரசு. ஆற்றங்கரையில் நீர்மருது. மேற்குப் பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) அயனி. வயலோரத்தில் நாவல், இலுப்பை. குளத்தின் உள்வாயில், ஆழமில்லாத சேற்றுப்பகுதியில் மரம் நடவே நடாதீர்கள். அங்கே நடந்து இரை தேடும் பறவைகளுக்கு வெட்டவெளிதான் வேண்டும்.

பனை எனக்குப் பிடித்த வேலை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களைச் சேர்த்து, வடகிழக்கு மழைக்கு முன் கொட்டையை நேரடியாகக் கரையின் வெளிச்சரிவில் நடுங்கள். ஒரு அடி ஆழம், பத்தடி இடைவெளி. நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே ஓலை தெரியப் பல மாதம் ஆகும். “முளைக்கல” என்று தோண்டிப் பார்த்துக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். வளர்ந்த பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற விதியையும் ஊரில் சொல்லிவையுங்கள், பலருக்குத் தெரியாது.

ஆகாயத்தாமரையை அகற்றுவதாக இருந்தால், கரையிலேயே போட்டுவிடாதீர்கள். மழை வந்தால் திரும்பக் குளத்துக்குள் போய்விடும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவைத்து உரமாக்குங்கள். நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். தாமரைத் தண்டு காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவருக்கே சிரமம்.

பிள்ளைகளோடு

பள்ளியில் ஒரு மணி நேரம் பேசுவதை விடக் கரையில் இருபது நிமிடம் நடத்திக் கூட்டிப்போவது எவ்வளவோ மேல். பதினைந்து பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள். ஒரே கேள்வி கொடுங்கள்: “இலைக்கோழிக்கு ஏன் இவ்வளவு நீள விரல்?” தாமரை இலையில் மூழ்காமல் அது நடப்பதைப் பார்த்ததும் பதில் அவர்களிடமிருந்தே வரும். வீட்டுக்குப் போய்ப் பாட்டி, தாத்தாவிடம் இந்தக் குளத்துப் பறவைகளுக்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பாட்டிகளே வருவார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது.

அடிபட்ட பறவையோ விலங்கோ கிடைத்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாம்பு வீட்டுக்குள் வந்தால் தள்ளி நின்று, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டு, கீறல், பச்சிலை என்று நேரம் போக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகில் உள்ள அரசு மருத்துவமனையோ போக வேண்டும். பறவை பிடிப்பவர்களை நேருக்கு நேர் மறிக்காதீர்கள். இடம், நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

முதல் ஞாயிறு

குழுவுக்குப் பெயரும் பனியனும் இப்போது வேண்டாம். வசூலும் வேண்டாம், டீச்செலவை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். முறை தவறாமல் வரும் ஐந்து பேர் போதும். மாதத்தில் எந்த இரண்டு ஞாயிறு என்று இன்றே முடிவு செய்து, வீட்டு நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். கல்யாணம், திருவிழா என்று இரண்டு பேர் வராவிட்டாலும் மூன்று பேர் போக வேண்டும்.

காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நில்லுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் பறவையின் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பு. வெளிர்நிறச் சட்டை வேண்டாம், மங்கிய பச்சையோ காக்கியோ போடுங்கள். வந்ததும் உடனே நடக்காமல் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காருங்கள். நீங்கள் வந்த சத்தத்துக்குப் புல்லுக்குள் ஒதுங்கிய தாழைக்கோழி அதற்குள் வெளியே வந்துவிடும். அதை நோட்டில் முதல் வரியாக, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள்.